அண்ணனை உட்கார வைக்க ஓர் ஆட்டம்

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஸ்க்ரீன் மாற்ற வருகிறவர்கள், பசை காய்கிற வரைக்கும் சும்மா இருக்க முடியாமல் எதையாவது கேட்பார்கள். "ண்ணா, ஸ்ட்ராடெஜி கேம்ல எதுண்ணா பெஸ்ட்டு?" என்பது அடிக்கடி வருகிற கேள்வி. எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். நெட்டில் தட்டினால் எத்தனையோ பேர் ஒப்பிட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். படம் எப்படி, சத்தம் எப்படி, பேட்டரி எவ்வளவு குடிக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறார்கள். அதைப் போய்ப் படித்துத் தொலைய வேண்டியதுதானே. நானும் அந்த ஆட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்தவன்தான். ஆனால் நான் பார்த்த காரணத்துக்காக வேறு எவனும் பார்த்திருக்க மாட்டான். ஓர் ஆட்டம் ஒரு மனுஷனை எவ்வளவு நேரம் நாற்காலியில் உட்கார வைக்கும் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அந்த மனுஷன் என் அண்ணன். செராமிக் கம்பெனியில் பால் மில் ஓட்டினார். குடிக்கிற பால் இல்லை, இங்கிலீஷ் பந்து. பெரிய இரும்பு உருளை அது. உள்ளே கூழாங்கல்லைப் போட்டு, களிமண்ணும் குவார்ட்ஸ் பவுடரும் தண்ணீரும் கொட்டி மூடிச் சுற்ற விட்டால் கடகடவென்று நாள் முழுக்க அரைத்துக்கொண்டிருக்கும். அந்தக் குழம்பிலிருந்துதான் கரண்ட் கம்பத்துப் பீங்கானும் ஃபியூஸ் கட்டையும் பிறக்கின்றன. அரைக்கிறபோது தூசி கிடையாது. மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிறபோதுதான் புகை மாதிரி எழும். மீசை முளைத்த வயதிலிருந்து அண்ணன் அந்த மூட்டைகளைப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

இருமல் வந்தது. முதலில் டிபி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தீர்ந்தது, இருமல் தீரவில்லை. அப்புறம் புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நுரையீரலில் தூசி படிந்து இறுகிவிட்டது, போனது போனதுதான், மிச்சம் இருப்பதை வைத்துக்கொண்டு ரொம்ப நாள் ஓட்டலாம், ஆனால் இனிமேல் தூசி பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது என்றார். அண்ணியும் நானும் தலையாட்டினோம். அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் திரும்பும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"அவரு புஸ்தகத்துல படிச்சத சொல்றாரு. நாங்கதான் ஷிப்ட்டு முடிஞ்சா வெல்லம் தின்னுறோம்ல. தொண்டையில இருக்கற தூசியெல்லாம் அது இழுத்துக்கினு வயித்துக்குப் போயிடும்."

கம்பெனிக்காரர்கள் எல்லோரும் நம்புகிற விஷயம் இது. வெல்லக்கட்டி ஒன்று வாயில் போட்டுக்கொண்டுதான் கேட்டைத் தாண்டுவார்கள். முகத்தில் கட்டத் துணி கொடுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். வெல்லத்தை மட்டும் மறக்க மாட்டார்கள்.

"நுரையீரலுக்கும் வயித்துக்கும் வேற வேற குழாய்ண்ணே," என்றேன்.

"நீ போனுக்குத்தான் டாக்டரு," என்றார்.

அண்ணி அழுது, சர்ச்சுப் பங்குச் சாமியாரை விட்டுச் சொல்லச் சொல்லி, கடைசியில் அண்ணன் வேலையை விட ஒப்புக்கொண்டார். மகள் சென்னையில் வேலைக்குப் போய்ப் பணம் அனுப்ப ஆரம்பித்திருந்ததால் அந்தப் பக்கம் நெருக்கடி இல்லை. ஆனால் வேலையை விட்ட மனுஷன் வீட்டில் நின்றால்தானே. காலையில் டீ குடிக்கப் போகிறேன் என்று கிளம்புவார். டீக்கடை கம்பெனி கேட்டுக்கு எதிரில் இருந்தது. கேட்டு வரைக்கும் போனவர் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போவார். மத்தியானம் புருவத்தில் வெள்ளையோடு திரும்பி வருவார். அண்ணி எனக்குப் போன் பண்ணி, "தம்பி, இன்னிக்கும் போயிட்டாருங்க," என்பார். குரலே கேட்கப் பாவமாக இருக்கும்.

டிவி அவருக்குப் பிடிக்காது. படுக்கவும் மாட்டார். சின்ன வயதிலிருந்து அவருக்கு ஒரே ஒரு பலவீனம்தான் எனக்குத் தெரியும். தோற்கப் பிடிக்காது. கோலியோ கேரமோ, தோற்றால் அன்றைக்கு ராத்திரி சோறு இறங்காது. அந்தக் குணத்தைப் பிடித்து வீட்டில் கட்டிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. கடையில் ஒரு பழைய போன் கிடந்தது. ஸ்க்ரீனும் பேட்டரியும் புதிதாகப் போட்டு, உள்ளே துடைத்து, கையில் கொடுத்தேன்.

முதலில் ஏற்றிக் கொடுத்தது கிராமம் கட்டுகிற ஆட்டம். எல்லோரும் ஆடுகிறார்களே, பீரங்கி வைத்து, சுவர் கட்டி, அடுத்தவன் கிராமத்தை அடித்துப் பிடுங்குவது, அந்த மாதிரி. அண்ணனுக்கு உடனே பிடித்துவிட்டது. அதுவும் சுவர் கட்டுவது ரொம்பப் பிடித்தது. எனக்கு வாயெல்லாம் பல். ஆனால் அந்த ஆட்டத்தில் ஒரு கோளாறு உண்டு. எதைக் கட்டினாலும் காத்திருக்க வேண்டும். சின்னக் குடிசைக்குக் கொஞ்ச நேரம், பெரிய பீரங்கிக்கு ஒரு நாள், கோட்டைக்கு அதற்கும் மேல். அவசரம் என்றால் காசு கட்டு என்று கேட்கும். அண்ணன் காசு கட்டுகிற ஜாதி இல்லை.

"சூளையில வச்சாச்சு. வெந்து ஆறுற வரைக்கும் தொறக்கக் கூடாது. அதுவரைக்கும் நான் ஏன் இங்க ஒக்காந்திருக்கணும்?" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனார். சூளை வைத்துப் பழகியவர்களுக்குக் காத்திருப்பது கஷ்டமே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. மற்றவன் பல்லைக் கடித்துக்கொண்டு திரையையே பார்ப்பான். இவர்கள் நெருப்பைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவர்கள்.

இரண்டாவது, காத்திருக்கவே வேண்டாத ஆட்டம். சீட்டு மாதிரி படைவீரர்களைக் கையில் வைத்துக்கொண்டு, எதிராளியின் கோபுரத்தைச் சட்டென்று இடிக்க வேண்டும். ஒரு ஆட்டம் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இல்லை. முடிந்ததும் அடுத்தது, அதற்கடுத்தது. கணக்குப்படி இதில் ஆள் எழுந்திருக்கவே கூடாது. எழுந்திருக்கவும் இல்லை. ஆனால் விரலோடு சேர்ந்து மூச்சும் ஓட ஆரம்பித்தது. எவனோ எங்கேயோ உட்கார்ந்து இவர் கோபுரத்தை இடிக்க, இவருக்கு நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்கியது. உதடு கறுத்துவிட்டது. அண்ணி போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, "தம்பி, இது வெளாட்டா, இல்ல கொல்றதுக்கு வந்ததா?" என்று என்னைத்தான் கேட்டார். அன்றைக்கே அதை அழித்தேன்.

செஸ் போட்டுக் கொடுத்தேன். குதிரை ஏன் குறுக்கே குதிக்கிறது என்று எரிச்சல்பட்டார். மனுஷன் இல்லாமல் மிஷினோடு ஆடுவது அவருக்கு மரியாதைக் குறைவாக இருந்தது. "இதுங்கிட்ட ஜெயிச்சா அது வருத்தப்படுமா?" என்று கேட்டார். படாது என்றேன். "அப்பறம் என்னாத்துக்கு?" என்றார்.

கடைசியில் கிடைத்தது நாடு பிடிக்கிற ஆட்டம். ஒரு தீவு, ஆளுக்கு ஒரு தலைநகரம். காடு வெட்டலாம், வயல் போடலாம், கப்பல் விடலாம், குதிரைப்படை அனுப்பலாம். ஆனால் முறை வைத்துத்தான் ஆட வேண்டும். நான் ஆடி முடித்தால் அவர் போனில் மணி அடிக்கும், அவர் ஆடினால் என் போனில் அடிக்கும். கடிகாரம் கிடையாது. அவசரப்படுத்தாது, காசு கேட்காது. யோசிக்கிறவன் யோசித்துக்கொண்டே இருக்கலாம். மூச்சு வாங்கினால் வைத்துவிட்டுப் படுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, எதிரில் இருப்பது தம்பி. தோற்றால் வருத்தப்படுவான். அண்ணனுக்கு வேறு என்ன வேண்டும்.

நான் எப்போதும் துறைமுகம் கட்டிக் கப்பல் விடுவேன். அண்ணன் ஊரைச் சுற்றி வாள்காரனை நிறுத்தி வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகருவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வீட்டில் சாப்பிட உட்காரும்போது என்னைக் கிண்டல் பண்ணுவார்.

"கப்பலு கப்பலா உடுறியே, நம்ம ஊரு மணிமுத்தாறுல தண்ணி இருக்குதாடா?"

"உங்க ஆளு வேலிக்கு நட்ட கல்லு மாதிரி நிக்கிறான்ண்ணே. அவன கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க."

"நடப்பான். நீ தூங்கறப்ப நடப்பான்."

நாங்கள் இருவரும் அவ்வளவு பேசிக்கொண்டது அவர் கல்யாணத்துக்கு அப்புறம் அப்போதுதான். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று அவர் ஆட்டம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. பழுது பார்க்கிற போன்களுக்கு நடுவில் என் போன் டிங் என்று அடிக்கும். ஆள் நாற்காலியில்தான் இருக்கிறார் என்று எனக்கு ஒரு நிம்மதி. அண்ணிக்கும் பகலில் போன் பண்ணிக் கேட்பதை விட்டுவிட்டேன். அவர் அப்போது பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சமைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பகலில் வீட்டில் யாரும் இல்லை.

மழைக்காலம் ஆரம்பிக்கிற சமயம் ஒரு நாள் காலையில் அண்ணி அந்தப் போனைக் கடைக்குக் கொண்டு வந்தார். "மணி அடிக்கிற சத்தமே கேக்க மாட்டேங்குதுன்னு சொன்னாருங்க தம்பி. கொஞ்சம் பாத்து வைங்க, ஸ்கூலு முடிஞ்சி வந்து வாங்கிக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்பீக்கர் போயிருக்கும் என்று நினைத்துப் பின்மூடியைக் கழற்றினேன்.

எங்கள் ஊரில் இந்தத் தொழில் செய்கிற யாருக்கும் நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பீக்கர் வலையில், சார்ஜர் குழியில், பேட்டரி ஓரத்தில், மைதா மாவைச் சலித்து வைத்த மாதிரி வெள்ளையாக அப்பியிருந்தது. கம்பெனி ஆட்களின் போன் எல்லாமே இப்படித்தான் வரும். பிரஷ்ஷால் தட்டினால் மேஜை வெளுத்துப்போகும். ஆனால் இந்தப் போனை நானே என் கையால் துடைத்துக் கொடுத்திருந்தேன். வீட்டில் இருக்கிற போனுக்குள் மில் பவுடர் நடந்து வராது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வண்டியை எடுத்தேன்.

மில்லுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். வேலை எதுவும் செய்யவில்லை. சாயம் போன துண்டு கழுத்தில் கிடந்தது. அந்தப் பக்கம் இரண்டு பேர் மூட்டை பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள், காற்றே வெள்ளையாக இருந்தது. கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். வேப்பமரம் வரைக்கும் வருவதற்குள் அவர் நின்று நின்றுதான் வந்தார்.

"எத்தன நாளா நடக்குது இது? அங்க ஒக்காந்துக்கினுதான் எனக்கு ஆட்டம் அனுப்புனியா? நீ வூட்ல இருக்கன்னு நான் நெனச்சிக்கினு இருக்கேன், நீ என்னைய முட்டாளாக்கிட்டு இருக்க?" கோபத்தில் 'நீ' என்று வந்துவிட்டது. அண்ணனை அதுவரைக்கும் நான் அப்படிச் சொன்னதில்லை.

அவர் கோபப்படவில்லை. மூச்சு அடங்குகிற வரைக்கும் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வூட்ல யாரும் இல்லடா. ஒக்காந்தா என் மூச்சு சத்தம்தான் கேக்குது. கீச்சு கீச்சுன்னு. உன் ஆட்டத்த யோசிக்கலாம்னு பாத்தா, அடுத்த மூச்சு வருமா வராதான்னு காது அங்கதான் போவுது. இங்க மில்லு ஓடுதுல்ல. எதுவும் கேக்காது. நிம்மதியா ஒன்னைய ஜெயிக்கலாம்."

வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். கடையைப் பகலில் சாத்திவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்தேன். அப்படி உட்கார வேண்டிய நாட்கள் அவை இல்லை, அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த மழைக்காலத்திலேயே ஒரு நாள் விடியற்காலம் சளி கட்டி மூச்சு நின்றுபோகிற மாதிரி ஆகி, புதுச்சேரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டு போனோம்.

அதே டாக்டர்தான். இந்தத் தடவை படத்தை வெளிச்சத்தில் பிடிக்கவில்லை. என்னை மட்டும் வராண்டாவுக்குக் கூப்பிட்டார். இனிமேல் ஆஸ்பத்திரியில் செய்ய எதுவும் இல்லை, ஆக்ஸிஜன் மிஷின் வைத்துக்கொண்டு வீட்டில் வைத்துப் பாருங்கள், அடுத்த வெயில் காலத்தைப் பார்ப்பதே சந்தேகம், அவருக்குப் பிடித்ததை எல்லாம் செய்யுங்கள் என்றார். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். மருந்தை மாற்றியிருக்கிறார்கள், மெதுவாகத்தான் கேட்கும் என்று அண்ணனிடமும் அண்ணியிடமும் சொன்னேன். அண்ணி சிலுவை போட்டுக்கொண்டார். நம்பிவிட்டார். மகளுக்குப் போன் பண்ணி, "அப்பாவுக்கு மருந்து மாத்தியிருக்காங்கம்மா," என்று சந்தோஷமாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் மிஷின் வந்தது. மூக்கில் குழாய். இனிமேல் அண்ணன் எங்கேயும் போக முடியாது. எத்தனை ஆட்டம் மாற்றிப் பார்த்தும் என்னால் செய்ய முடியாததை அந்தக் குழாய் செய்துவிட்டது. தினமும் சாயங்காலம் ஒரே போனில் மாற்றி மாற்றி ஆடுவோம். பேசினால் இருமல் வரும் என்பதால் பேச்சு இல்லை. போன் கையிலிருந்து கைக்குப் போகும், வரும்.

பிடித்ததை எல்லாம் செய்யுங்கள் என்றால் என்ன செய்வது? சாப்பாடு இறங்கவில்லை. வெளியே போக முடியாது. அவருக்குப் பிடித்தது ஜெயிப்பதுதான். நான் தோற்க ஆரம்பித்தேன். முதலில் லேசாக, ஒரு வயலை விட்டேன், ஒரு கப்பலைத் தப்பான இடத்தில் நிறுத்தினேன். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்ததும் ஆசை வந்து இன்னும் விட்டேன். ஒரு நாள் சாயங்காலம் குதிரைப்படையை எல்லாம் தீவின் அந்தக் கோடிக்கு அனுப்பிவிட்டு, தலைநகரத்தைக் காவலே இல்லாமல் திறந்து போட்டேன். அவருடைய வாள்காரன் வாசலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஒரு விரலைத் தட்டினால் ஆட்டம் முடிந்தது.

அண்ணன் தட்டவில்லை. ரொம்ப நேரம் திரையைப் பார்த்தார். அப்புறம் போனை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"டாக்டரு உன்னைய வெளிய கூப்ட்டு என்னா சொன்னாரு?"

"மருந்து மாத்தறதப் பத்திண்ணே. அதான் அன்னிக்கே சொன்னேன்ல."

"சின்னப் புள்ளையில இருந்து," என்று ஆரம்பித்து மூச்சு வாங்கினார். நான் காத்திருந்தேன். "சின்னப் புள்ளையில இருந்து நீ எனக்கு ஒரு கோலிகூட விட்டுக் குடுத்ததில்ல. அழுவ, ஏமாத்துவ, கடிப்ப. விட்டுக் குடுக்க மாட்ட." மறுபடியும் மூச்சு வாங்கினார். "இப்ப ஊரயே தொறந்து வுட்டுருக்க."

இல்லை, கவனிக்கவில்லை என்று ஏதோ உளறினேன். அவர் கையைக் கொஞ்சம் தூக்கி, போதும் என்கிற மாதிரி காட்டினார்.

"எவ்ளோ நாளுன்னு நான் கேக்கல. அவகிட்ட சொல்லாத. புள்ளகிட்டயும் சொல்லாத." பிறகு போனை என் பக்கம் நீட்டினார். "மொதல்லருந்து போடு. ஒழுங்கா ஆடு. நான் இன்னும் இங்கதான இருக்கேன்."

புதிதாகப் போட்டேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் திரை சரியாகத் தெரியவில்லை, துடைத்துத் துடைத்து ஆடினேன். துறைமுகம் கட்டினேன், கப்பல் விட்டேன். அவர் வழக்கம் போல ஊரைச் சுற்றி ஆட்களை நிறுத்தினார். கடல் பக்கம் ஓர் இடம் காலியாக இருந்தது. முன்பெல்லாம் அந்த மாதிரி விடமாட்டார், கண்ணுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. அதைப் பார்த்ததும் என் விரல் நின்றது. அண்ணன் என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் இறங்கி அவருடைய தலைநகரத்தைப் பிடித்தேன்.

அண்ணன் தலையை மெதுவாக ஆட்டினார். அண்ணி கஞ்சித் தட்டோடு சமையல்கட்டிலிருந்து வந்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார்.

"யாரு ஜெயிச்சது?"

"தம்பிதான்," என்றார் அண்ணன்.

அண்ணிக்கு என் மேல் நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "என்னா தம்பி நீங்க. உடம்பு முடியாத மனுஷன். ஒரு ஆட்டம் அவருக்கு விட்டுக் குடுத்தா என்னா கொறஞ்சா போயிடுவீங்க?" என்றார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவருக்குத் தலையணையை உயர்த்தி வைத்தார். "ஒடம்பு தேறட்டும், அப்பறம் பாருங்க, ஒங்கள உண்டு இல்லன்னு ஆக்கிடுவாரு."

அண்ணனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "சரிங்க அண்ணி," என்றேன்.